வண்டி நல்ல வண்டிதான், ரோடுதான் வேற

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. கூட்டரசு நெடுஞ்சாலையில் ஷா ஆலமைத் தாண்டிக் கிள்ளானுக்குப் போய்க்கொண்டிருந்தோம். போய்க்கொண்டிருந்தோம் என்று பேச்சுக்குத்தான் சொல்கிறேன். வண்டி பத்து அடி நகரும், நிற்கும். மறுபடியும் பத்து அடி. அண்ணன் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் வாங்கி நான்கே மாதமான ஐரோப்பியக் கார் அது. 9 ஆண்டுகள் ஓடிய பழைய வண்டிதான். ஆனாலும் தோல் இருக்கைகள், சாத்தினால் 'டப்' என்று கனமாக மூடிக்கொள்ளும் கதவுகள், இரண்டாயிரம் சிசி இயந்திரம். எங்கள் வீட்டு வாசலில் அதற்கு முன் அப்படி ஒரு கார் நின்றதே இல்லை.

திடீரென்று மீட்டர் பலகையில் ஒரு விளக்கு எரிந்தது. கியர் பெட்டி அளவுக்கு மீறிச் சூடேறிவிட்டது, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தவும் என்று எழுத்து ஓடியது. எப்படியோ சாலையோரம் ஒதுங்கினோம். இழுவை வண்டி வர இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரமும் எங்களைக் கடந்து போனவை என்னென்ன தெரியுமா? பழைய சாகா, பழைய விவா, பின் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டிய மைவி. அவற்றில் ஒன்றுகூட மூச்சு வாங்கவில்லை.

மறுநாள் பட்டறையில் மெக்கானிக் அண்ணன் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வண்டி நல்ல வண்டிதான் தம்பி. ரோடுதான் வேற."

செலவு 7,800 வெள்ளி. அண்ணனின் அப்போதைய இரண்டு மாதச் சம்பளத்தைவிட அதிகம். கார்க் கடனோ 7 ஆண்டுகளுக்கு.

அந்த ஒரு வாக்கியம் என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. நான் இயந்திரப் பொறியியல் படிக்கிறேன். குதிரைத்திறன், முறுக்கு விசை, வெப்பக் கடத்தல் எல்லாம் பாடத்தில் வரும். ஆனால் ஒரு கார் எந்த ஊர்ச் சாலைக்காகப் பிறந்தது என்ற கேள்வி எந்தத் தேர்வுத் தாளிலும் வந்ததில்லை. அதனால் நானாகவே தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் அண்ணன் காரின் பிறந்த வீட்டுக்குப் போவோம். ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலைகளில் எல்லா இடத்துக்கும் பொருந்தும் பொது வேக வரம்பு கிடையாது. மணிக்கு 130 கிலோமீட்டர் என்பது பரிந்துரை மட்டுமே. வரம்புப் பலகை வைத்த பகுதிகள் நிறைய உண்டு, பலகை இல்லாத இடத்தில் 180, 200 என்று போகிறவர்களும் உண்டு. அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. இடப்பக்கத் தடம் முந்துவதற்கு மட்டும்தான், முந்தியதும் திரும்பி வந்துவிட வேண்டும். பெரிய ஜெர்மானிய நிறுவனங்கள் பல, தங்கள் கார்கள் 250 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி மின்னணு முறையில் கட்டுப்படுத்துவது என்று தங்களுக்குள் ஓர் உடன்பாடே வைத்திருந்தன. 250 என்பது அவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு! நம் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் சட்டப்படி போகக்கூடிய வேகம் 110.

200 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காருக்கு என்ன வேண்டும்? காற்று தூக்கிவிடாதபடி தரையோடு ஒட்டிய தாழ்ந்த உடல், உறுதியான சஸ்பென்ஷன், பெரிய பிரேக், முந்தும்போது சட்டென்று பாய டர்போ இயந்திரம். அண்ணனை மயக்கிய அந்தக் கனமான கதவுக்கும்கூட இதில் பங்குண்டு. அந்த வேகத்தில் காற்றின் இரைச்சல் உள்ளே வராமல் இருக்க நல்ல அடைப்பும் கனமும் வேண்டும்.

அப்படிப்பட்ட கார் ஜாமில் நின்றால் என்ன ஆகும்? வேகமாக ஓடும்போது முன் கிரில் வழியாக அடித்து நுழையும் காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. மணிக்கு ஐந்து கிலோமீட்டரில் ஊரும்போது அந்தக் காற்று இல்லை. மின்விசிறி ஒன்றுதான் துணை. அதுவும் இழுப்பது, வெயிலில் காய்ந்த தார்ச் சாலைக்கு மேலே நிற்கும் சூடான காற்றை. ஏர்கோன் வேறு முழு வீச்சில் ஓடுகிறது.

கியர் பெட்டியின் கதை தனி. அண்ணன் காரில் இருந்தது உலர் தகடுகள் கொண்ட இரட்டைக் கிளட்ச் வகை. வேகத்தில் கியர் மாறுவதே தெரியாது, எரிபொருளும் மிச்சமாகும். ஆனால் கார் ஊரும்போது அந்தத் தகடுகள் முழுதாக ஒட்டவும் முடியாமல், முழுதாக விலகவும் முடியாமல் உரசிக்கொண்டே இருக்கும். உங்கள் இரண்டு உள்ளங்கைகளையும் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். அரை நிமிடத்தில் சுடும். கூட்டரசு நெடுஞ்சாலையில் அந்தத் தேய்ப்பு ஒரு மணி நேரம் நடக்கிறது. பழைய பாணித் தானியங்கிக் கியரில் இயந்திரத்துக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே எண்ணெய்தான் விசையைக் கடத்துகிறது. ஊரும் வேகத்தில் உரச அங்கே தகடு இல்லை. சோம்பேறிக் கியர் என்று அண்ணன் கேலி செய்த அதே பெட்டிதான் எங்களைக் கடந்து போன வண்டிகள் பலவற்றில் இருந்தது.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பிய நிறுவனங்கள் வெப்பத்தைப் பற்றித் தெரியாதவை அல்ல. அமெரிக்காவின் டெத் வேலி பாலைவனம்வரை கொண்டு போய்ச் சோதிக்கிறார்கள். உத்தரவாதத்தோடு வரும் புதிய கார் இங்கேயும் நன்றாகவே ஓடும். ரப்பரும் பிளாஸ்டிக்கும் 9 ஆண்டு வெப்பத்தில் காய்ந்து இறுகிய பிறகு, உத்தரவாதம் முடிந்த வண்டியை, விலை சரிந்துவிட்டது என்பதற்காக வாங்குவதுதான் வேறு கணக்கு. அந்த விலை ஏன் அப்படிச் சரிந்தது என்று அண்ணன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. முன்னிருக்கையில் ஏறி முதலில் படம் எடுத்துப் போட்டவளே நான்தான்.

சரி, எங்கள் வீட்டின் இன்னொரு காருக்கு வருகிறேன். அப்பாவின் கஞ்சில்.

அதன் கதை ஜப்பானில் தொடங்குகிறது. போருக்குப் பிந்திய ஜப்பானில் 1949ஆம் ஆண்டு 'கெய்' என்ற சிறு வாகனப் பிரிவை அரசு உருவாக்கியது. இன்று அந்தப் பிரிவில் சேர வேண்டுமானால் இயந்திரம் 660 சிசியைத் தாண்டக் கூடாது. நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், உயரம் 2 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அடங்கினால் வரி குறைவு. அங்கே கார் வாங்குகிறவர், அதை நிறுத்தத் தனக்கு இடம் இருக்கிறது என்று போலீசிடம் சான்று பெற வேண்டும் என்ற விதி 1962 முதல் இருக்கிறது. கெய் கார்களுக்கு அந்தக் கெடுபிடி தளர்வு. சில ஊர்களில் அறவே இல்லை. இரு பக்கமும் சுவர் உரசும் சந்துகள், வீட்டு முன்னால் ஒரு பாய் அகல இடம். இப்படிப்பட்ட ஊரில் ஒன்றரை மீட்டர் அகலக் கார் என்பது ஏழையின் சமரசம் அல்ல, புத்திசாலியின் தேர்வு. ஹோண்டாவின் என்-பாக்ஸ் என்ற கெய் கார், பெரிய கார்களையும் முந்திக்கொண்டு ஜப்பானில் ஆண்டின் அதிக விற்பனைக் காராகவே பல முறை வந்திருக்கிறது. பார்ப்பதற்கு நான்கு சக்கரம் வைத்த ரொட்டிப் பெட்டி மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே நான்கு பேர் தாராளமாக உட்காரலாம்.

1994ஆம் ஆண்டு பெரோடுவா வெளியிட்ட முதல் கார் கஞ்சில். டைஹட்சு மீரா என்ற கெய் காரை அடிப்படையாகக் கொண்டது. முதலில் வந்த இயந்திரமும் அதே 660 சிசிதான். அதாவது ஜப்பானியச் சந்துகளுக்காக வரையப்பட்ட ஒரு கார், மலேசியத் தாமான்களுக்கு வந்து குடியேறியது. அப்பா பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்தில். அவர் குடும்பத்தில் மோட்டார் சைக்கிளைத் தாண்டி முதன்முதலில் வாங்கிய வாகனம் அது. பால்மரம் வெட்டியவரின் பிள்ளை, மழையில் நனையாமல் வேலைக்குப் போனது அந்தக் காரில்தான். கிள்ளான் சந்தைக்குப் பின்னால் வேறு எந்தக் காரும் நுழையாத இடத்தில் அப்பா அதை நிறுத்திவிட்டு, சாவியைச் சுழற்றிக்கொண்டே இறங்குவார்.

ஆனால் நம் சாலை ஒரு கேள்வியோடு விடுவதில்லை. வாரம் முழுக்க ஜாம். தீபாவளி வந்தால் அதே காரில் ஐந்து பேர், துணிப் பைகள், முறுக்கு டின்கள், 200 கிலோமீட்டருக்கும் மேல் நெடுஞ்சாலை. எனக்குப் பத்து வயது இருக்கும். தாப்பாவுக்கு அருகே கடும் மழை. முன்னால் போன லோரி வாரி அடித்த தண்ணீரில் கண்ணாடியே தெரியவில்லை. அப்பா பிரேக்கை மிதித்தார். கார் நேராக நிற்காமல் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போய், தடுப்புக் கம்பிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. டயர் தேய்ந்துதான் இருந்தது, அப்பாவே ஒப்புக்கொள்வார். அம்மா யாரையும் திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நெடுஞ்சாலையில் அந்தக் காரில் ஏறவே இல்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் முறுக்கு டின்னோடு பேருந்தில்தான் போனோம்.

அம்மாவின் பயத்துக்கு ஒரு பதில், நம்ப மாட்டீர்கள், ஸ்வீடன் நாட்டுக் காட்டில் இருந்தது.

அங்கே மூஸ் என்ற பெரிய காட்டுமான் உண்டு. நன்கு வளர்ந்த மான் 400 கிலோவையும் தாண்டும், கால்களோ நெடுநெடுவென்று உயரம். கார் அதன் மீது மோதினால் முன்பகுதி கால்களை மட்டும் தட்டிவிடும். மொத்த உடலும் முன் கண்ணாடி மேல் வந்து விழும். அதனால் வோல்வோ, சாப் போன்ற ஸ்வீடன் நிறுவனங்கள் கண்ணாடியைத் தாங்கும் தூண்களையும் கூரையையும் உறுதியாக்கின. ஆனால் மோதாமல் தப்புவது அதைவிட முக்கியம் அல்லவா? சாலையில் மான் குதித்ததும் சடாரென்று ஒரு பக்கம் ஒடித்து, உடனே மறுபக்கம் திருப்பி, பழைய தடத்துக்கே வர வேண்டும். கார் கவிழாமல் அதைச் செய்கிறதா என்று பார்ப்பதற்குப் பெயர் 'மூஸ் சோதனை'.

1997ஆம் ஆண்டு 'டெக்னிகென்ஸ் வெர்ல்ட்' என்ற ஸ்வீடன் வாகன இதழ், அப்போது புதிதாக வந்திருந்த மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் காரை இந்தச் சோதனைக்கு உட்படுத்தியது. கார் கவிழ்ந்தது. உலகமே பார்த்தது. உயரமான, குட்டையான அந்த நகரக் கார் ஐரோப்பிய நகரங்களுக்குப் பொருத்தமானதுதான். வடக்குக் காட்டுச் சாலை கேட்ட கேள்விக்குத்தான் அதனிடம் பதில் இல்லை. மெர்சிடிஸ் விற்பனையைத் தற்காலிகமாக நிறுத்தி, அதுவரை விலை உயர்ந்த கார்களில் மட்டும் இருந்த மின்னணு நிலைப்புக் கட்டுப்பாட்டை அந்தச் சின்னக் காரில் எல்லாவற்றுக்கும் பொருத்தியது. கார் வழுக்கத் தொடங்கியதும் கணினி ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் பிரேக் கொடுத்து வண்டியை நேராக்கும் கருவி அது. 2014 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய கார்கள் அனைத்திலும் கட்டாயம். தாப்பா மழையில் எங்களுக்குத் தேவைப்பட்டதும் அதேதான்.

இதுவரை படித்தபோது, இயற்கையும் சாலையும்தான் காரைத் தீர்மானிக்கின்றன என்று நினைத்திருந்தேன். நார்வே அதைக் குழப்பியது. குளிரில் மின்கலத்தின் ஆற்றல் குறையும், ஒரே சார்ஜில் போகும் தூரமும் குறையும். அப்படியானால் பனி உறையும் நாட்டில் மின்சாரக் கார் எடுபடக் கூடாது. ஆனால் 2024இல் நார்வேயில் விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்பது, கிட்டத்தட்ட, மின்சாரக் கார்கள். காரணம் தட்பவெப்பம் அல்ல, வரி. பெட்ரோல் காருக்குக் கடுமையான வரி, மின்சாரக் காருக்குப் பல ஆண்டுச் சலுகை.

அமெரிக்காவும் அப்படித்தான். அங்கே 1970களின் பிற்பகுதியிலிருந்து அதிகம் விற்கும் பிக்கப் வண்டி ஃபோர்டின் எஃப் வரிசை. அகலச் சாலை, மலிவான பெட்ரோல், பெரிய நிறுத்துமிடம் எல்லாம் உண்மை. கூடவே 1964 முதல் வெளிநாட்டு இலகு லோரிகளுக்கு 25 விழுக்காடு இறக்குமதி வரியும் இருக்கிறது. ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்குப் போட்ட வரிக்குப் பதிலடியாக வந்ததால் அதற்குக் 'கோழி வரி' என்றே பெயர். கோழிச் சண்டை முடிந்து பல காலம் ஆயிற்று, வரி மட்டும் நிற்கிறது.

இந்தியாவில் 4 மீட்டருக்குள் அடங்கும் சிறிய இயந்திரக் கார்களுக்கு 2006 முதல் வரி குறைவு. பின்பெட்டி உள்ள செடான் கார்தான் கௌரவம் என்று நினைக்கும் வாடிக்கையாளர் ஒரு பக்கம், 4 மீட்டர் ஆட்சிக்கோல் மறுபக்கம். விளைவு, பின்பக்கம் கத்தரித்த மாதிரி நிற்கும் குட்டை செடான்கள். தமிழ்நாட்டுக்குப் போனபோது மாமாவின் காரைப் பார்த்து, "பின்னாடி யாராவது மோதிட்டாங்களா மாமா?" என்று நான் கேட்டுவிட்டேன். அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் கேள்வியே வேறு. 1990 முதல் அங்கே கார் வைத்திருக்க, பத்தாண்டு செல்லுபடியாகும் வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். 2023 அக்டோபரில் சிறிய கார்ப் பிரிவின் சான்றிதழ் மட்டுமே 1 லட்சத்து 6 ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளியைத் தொட்டது. அந்தப் பிரிவில் மின்சாரக் காரின் சக்தி 110 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. ஆகவே டெஸ்லா தன் மாடல் 3 காரைச் சரியாக 110 கிலோவாட்டுக்கு இறக்கி அங்கே விற்கிறது. ஜோகூரிலிருந்து வேலைக்குப் போய்வரும் என் சித்தப்பா மகன் சொல்வான், அங்கே தெருவில் கிழட்டுக் கார் ஒன்றைப் பார்ப்பதே அரிது என்று. சான்றிதழ் முடியும் முன்பே பலர் காரைப் பதிவிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். நம் ஊரில் இருபது வயதுக் கஞ்சிலுக்கு இன்னும் உதிரிப் பாகம் கிடைக்கிறது.

நம் சாலை வரியையும் பார்த்தேன். தீபகற்ப மலேசியாவில் தனியார் கார் 1,000 சிசிக்குள் இருந்தால் ஆண்டுக்கு 20 வெள்ளி. 1,400க்கு மேல் 1,600 வரை 90 வெள்ளி. 1,600ஐத் தாண்டியதும் 200இல் தொடங்கி, ஒவ்வொரு சிசிக்கும் காசு ஏறுகிறது. அண்ணன் கட்டுவது 370 வெள்ளிக்கு மேல். நம் தெருக்களில் 1.3, 1.5 லிட்டர் கார்கள் குவிந்து கிடப்பதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கத்தான் செய்யும்.

இதையெல்லாம் நான் சும்மா படித்துக்கொண்டிருக்கவில்லை. இந்த ஆண்டு எனக்கு ஷா ஆலமில் ஆறு மாதத் தொழிற்பயிற்சி. தொழிற்சாலை வாசல்வரை பேருந்து போகாது. கஞ்சிலைக் கொடுத்துவிட்டு ஒரு பழைய கார் பார்ப்போம் என்றார் அப்பா. பிறகு, "எது வேணும்னு நீயே சொல்லும்மா. நீதானே படிக்கிற" என்றார். வாழ்க்கையில் எந்தத் தேர்வுக்கும் நான் அவ்வளவு பயந்ததில்லை. போகப்போவது அப்பாவின் சேமிப்பு.

ஒரு தாளில் எங்கள் சாலையை எழுதினேன், காரை அல்ல. தினமும் ஜாமில் ஒன்றேகால் மணி நேரம், எண்ணெய் வழியாக இயங்கும் சாதாரணத் தானியங்கிக் கியர் போதும். மாலையில் கொட்டும் மழை, வீட்டுக்கு முன் தண்ணீர் தேங்கும் சாலை, தரையோடு ஒட்டிய கார் வேண்டாம். கிள்ளானில் எந்தப் பட்டறையிலும் கை வைக்கக்கூடிய வண்டி. ஆண்டுக்கு இரண்டு முறை சுங்கை சிப்புட், ஐந்து பேர், அம்மா உட்பட. கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். நிலைப்புக் கட்டுப்பாடு இல்லாத கார் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம் என்று முடிவு செய்தது அந்த வரிதான்.

அண்ணன் தாளைப் படித்துவிட்டு, "நம்ம ரெண்டு பேருக்கும் முன்னாடியே இது தெரிஞ்சிருந்தா…" என்று நிறுத்திக்கொண்டார். அவர் காரை விற்கவும் முடியவில்லை. விற்றால் வரும் பணத்தைவிட வங்கிக்குத் தர வேண்டியது அதிகம். இப்போது அவர் வேலை நாளில் ரயிலில் போகிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை காலியான நெடுஞ்சாலையில் அவரோடு ஒரு முறை போய்ப் பாருங்கள். அந்தக் கார் ஓடுவது ஓட்டமே இல்லை, வழுக்கல். அவர் முகத்தில் வரும் சிரிப்பைப் பார்த்தால் அவரை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

போன மாதம் ஒரு மைவியைப் பார்க்கப் போனோம். ஏழு வயது, 1.3 லிட்டர், வெள்ளை நிறம். அப்பா கதவைத் திறந்து சாத்தினார். 'டப்' இல்லை, 'டிங்' என்று ஒரு தகரச் சத்தம்தான். அண்ணன் என்னைப் பார்த்தார், நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். உள்ளே உட்கார்ந்து நான் தேடியது ஒரே ஒரு பொத்தானை. வழுக்கும் கார் படம் போட்ட பொத்தான் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்தது.

"என்னம்மா அது?" என்றார் அப்பா. ஸ்வீடன் காட்டு மானையும் கவிழ்ந்த காரையும் சொன்னேன். கஞ்சில் என்றால் மலாயில் சருகுமான் என்பது அவருக்குத் தெரியும்தானே. "அப்போ சருகுமானைக் கொடுத்துட்டுக் காட்டுமானை வாங்குறோம்னு சொல்லு" என்று சிரித்துவிட்டு, விற்பனையாளரிடம் விலை பேச இறங்கினார். அம்மா அதற்குள் பின்னிருக்கையில் ஏறி, முறுக்கு டின் எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.